மொட்டையடித்த ஆப்பிள் மரத்தை மறுபடி காய்க்க வைப்பது எப்படி?

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்தோட்டத்தில் ஒரு பழைய ஆப்பிள் மரம், இருபதடிக்குக் குறையாது. வந்த வருடம் கூடை கூடையாகப் பெரிய பச்சைக் காய்கள், கடித்தால் பல் கூசும் புளிப்பு. மரம் வெயிலை மறைக்கிறது என்று போன டிசம்பரில் ஆள் வைத்து மேல்பாதியை மட்டமாக வெட்டிவிட்டீர்கள். இந்த வருடம் பெயருக்குக்கூட ஒரு காய் இல்லை. வெட்டின இடமெல்லாம் ஆளுயரத்துக்கு நெட்டுக்குத்தலாகப் போத்துகள். மறுபடி வெட்டவா, உரம் வைக்கவா, மரத்தையே எடுத்துவிடவா என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் ப்ளம் மரத்தையும் அதே கையோடு வெட்டிவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

மரத்தை எடுக்க வேண்டாம். மறுபடி மொட்டையடிக்கவும் வேண்டாம், உரமும் இப்போதைக்கு வேண்டாம். மரம் நோய்ப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்டுக்கு எந்த ஆப்பிள் மரமும் என்ன செய்யுமோ அதைத்தான் இதுவும் செய்திருக்கிறது. பொறுமையாகப் போனால் மூன்று குளிர்காலத்தில் சரியாகிவிடும், நடுவிலேயே காய்க்கத் தொடங்கிவிடும்.

நம் ஊர்க்காரர்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மல்லிகையை நவம்பர், டிசம்பரில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால் அடுத்த சில மாதத்தில் பூத்துக் குலுங்கும். முருங்கையை இடுப்புயரத்தில் வெட்டிவிட்டால் துளிர்த்துக் காய்த்துத் தள்ளும். திராட்சையும் அப்படித்தான். இவையெல்லாம் புதிதாக வரும் துளிரில் பூக்கிறவை. அதனால் ‘நன்றாக வெட்டினால் நன்றாகக் காய்க்கும்’ என்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். ஆப்பிள் இந்தக் கணக்கில் வராது. அது பெரும்பாலும் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கட்டையில்தான் பூக்கும். இந்த வருடம் வந்த போத்து அடுத்த வருடம் பூமொட்டைத் தயார் செய்து, அதற்கடுத்த வசந்தத்தில் பூக்கும். மேல்பாதியை வெட்டியபோது பல வருடமாகச் சேர்ந்திருந்த காய்க்கும் கட்டைதான் போய்விட்டது. மீதியிருந்த கிளைகளிலும் மரம் இழந்த இலையை ஈடுகட்டுவதில் மும்முரமாக இருந்ததால் காய்ப்பு பின்னுக்குப் போய்விட்டது.

போத்துகள் எங்கிருந்து வந்தன என்றால், ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் ஆக்சின் என்ற ஹார்மோனை அனுப்பிக் கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டினதும் அந்த அடக்கம் போய்விடும், தூங்கிக்கிடந்த மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். இருபதடி மரத்துக்கான வேர் வெட்டுப்படாமல் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன்பே வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து முழுவதும் வசந்தத்தில் பாதி மரத்துக்கு மட்டும் பாய்ந்தால் இப்படித்தான் வரும். குளிர்காலத்தில் எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு வேகமாகப் புதுப்போத்து கிளம்பும். ஆகவே இனிமேல் செய்வதெல்லாம் இந்த வேகத்தைத் தணிக்கிற வேலை.

இது என்ன ரகம்? கையளவு பெரிய, கொஞ்சம் தட்டையான பச்சைக் காய், கடும் புளிப்பு, பரந்து விரிந்த மரம், ஆங்கிலேயர் வீட்டுப் பழைய தோட்டம் என்று எல்லாம் சேர்ந்தால் அநேகமாக பிராம்லி. உங்கள் ஊருக்குப் பக்கத்து மாவட்டமான நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூரில் பிறந்த ரகம் அது. 1809-இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி விதை போட்டு முளைத்த மரம். பிறகு அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர், 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்குச்சி கேட்டபோது, என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றாராம். விதை போட்டவள் பெயர் மறைந்து வீட்டை வாங்கியவர் பெயர் நின்றுவிட்டது. அது கிடக்கட்டும். நமக்கு வேண்டியது, பிராம்லி சமையலுக்கான ஆப்பிள், கடித்துத் தின்பதற்கு அல்ல. மாங்காய்க்குப் பதிலாகத் தொக்கு, ஊறுகாய், பச்சடி எது செய்தாலும் பிரமாதமாக இருக்கும். அக்டோபரில் பறித்துக் குளிர்ந்த இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் மார்ச் வரை தாங்கும்.

கவாத்துக்கு இந்த ரகம் ஏன் முக்கியம் என்றால், காக்ஸ் போன்ற ரகங்கள் குட்டையான, முண்டும் முடிச்சுமான காய்க்குச்சிகளில் மட்டுமே காய்க்கும். பிராம்லி அதோடு கூடவே சில கிளைகளின் நுனியிலும் காய்க்கும். வேலி வெட்டுகிற மாதிரி எல்லா நுனியையும் ஒரே சீராகக் கிள்ளிவிட்டால் அந்தக் காய்ப்பு போச்சு.

மரம் ஏன் இவ்வளவு பெரிது என்ற சந்தேகமும் இருக்கும். தோட்டங்களில் நடும் ஆப்பிள் மரம் அநேகமாக எல்லாமே ஒட்டுமரம்தான். எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் அடியில் இருக்கும் வேர்ச்செடி தீர்மானிக்கும். கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தரப்படுத்திய வரிசைதான் உலகம் முழுக்கப் புழங்குகிறது. எம் 27 ஆளுயரத்தோடு நின்றுவிடும், எம் 9 எட்டடி சொச்சம், எம்எம் 106 பத்து முதல் பதினைந்து அடி, எம் 25 அதையும் தாண்டும். பழைய வீட்டுத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் வேகமான வேர்ச்செடிகள். பிராம்லியும் வேகமான ரகம். இரண்டும் சேர்ந்த மரத்தை எட்டடிக்குள் அடக்கிவைக்க யாராலும் முடியாது. பதினான்கு, பதினைந்து அடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மரம்தான் வேண்டும் என்றால் எம் 9-இல் ஒட்டிய கன்றை வேறொரு மூலையில் நடுவதுதான் வழி. அதற்கு ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும், வேர் அவ்வளவு பலவீனம்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். இலை கொட்டி முடிந்த பிறகு ஒருநாள் எந்தக் கருவியும் எடுக்காமல் மரத்தடிக்குப் போங்கள். கைக்கெட்டும் பழைய கிளை ஒன்றைப் பிடித்து மொட்டுகளைப் பாருங்கள். இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சின்னதாக, முக்கோணமாக, குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும். அது இலைமொட்டு. இன்னொன்று உப்பலாக, உருண்டையாக, மேலே சாம்பல் நிற மென்மயிர் படர்ந்து, குச்சியிலிருந்து விலகி நிற்கும். அது பூமொட்டு. விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும். பூமொட்டு தாங்கிய குட்டைக் குச்சியை உற்றுப் பார்த்தால் குறுக்கே வரிவரியாக ஓடும். முந்தைய வருடங்களின் வளர்ச்சி நின்று நின்று போன தடம் அது. நெட்டுக்குத்தலான புதுப்போத்தில் உப்பின மொட்டு ஒன்றுகூட இருக்காது, எல்லாம் ஒட்டிய மொட்டுதான். இந்த இரண்டையும் கண் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கவாத்தில் பாதி கற்றாகிவிட்டது. எதை வெட்டக் கூடாது என்பது அப்போது தானாகத் தெரியும்.

வெட்டும் வேலையை பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலை கொட்டிய நவம்பரிலிருந்து மொட்டு விரிவதற்கு முந்தைய மார்ச் ஆரம்பம் வரை எப்போது வெட்டினாலும் தவறில்லை. ஆனாலும் ஈரமான இலையுதிர்காலத்தைவிட, மரம் விழிக்கப்போகிற நேரத்தில், மழையும் உறைபனியும் இல்லாத ஒரு நாளில் வெட்டினால் காயம் சீக்கிரம் மூட ஆரம்பிக்கும். முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுங்கள். இதற்கு யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து போத்துகள். எல்லாவற்றையும் வெட்டத்தான் கை பரபரக்கும். அப்படி வெட்டினால் அடுத்த ஜூலையில் இதே காடு திரும்ப நிற்கும். பாதியை மட்டும் எடுங்கள். உள்நோக்கிப் போகிறவை, ஒரே இடத்தில் கொத்தாக முளைத்தவை, எல்லாவற்றையும்விடத் தடித்தவை இவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். மீதி நிற்கட்டும், அவற்றின் நுனியைத் தொடாதீர்கள். நுனியைக் கிள்ளினால் ஒன்றுக்கு நான்காகக் கிளைக்கும். விட்டுவைத்தால் அதுவே ஓரிரு வருடத்தில் வேகம் குறைந்து பக்கவாட்டில் பூமொட்டு வைக்கும். மொத்தத்தில் ஒரு குளிர்காலத்தில் மரத்தின் தலைப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் வெட்ட இருக்கிறதே என்று தோன்றும்போதே இறங்கிவிடுவது நல்லது. மிச்சத்துக்கு அடுத்த பிப்ரவரி இருக்கிறது.

ஆள் வைத்து வெட்டியபோது நுனி அறுபட்டு நிற்கும் தடித்த கிளைகளையும் இதே நிதானத்தில், வருடத்துக்கு ஒன்றிரண்டாகச் சரிசெய்யலாம். வெட்டுப்பட்ட முனைக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சாய்ந்து போகும் நல்ல பக்கக்கிளை ஏதாவது இருக்கும். தாய்க்கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது அது இருந்தால், அந்தக் கவட்டை வரைக்கும் அறுத்துவிடலாம். அதன்பின் அந்தப் பக்கக்கிளையே நுனியாகி மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கும், போத்து குறையும். மரத்தின் உயரத்தைக் குறைக்க இதுதான் சரியான வழி.

தடித்த கிளையை அறுப்பதில் ஒரு முறை உண்டு, இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். அறுக்க வேண்டிய இடத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு அறுங்கள். அதற்கு இரண்டு விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து கீழே அறுத்தால் கிளை ‘படக்’கென்று முறிந்து விழும். அடியில் அந்த முதல் வெட்டு இல்லையென்றால், விழும் பாரத்தில் பட்டை தண்டு வரைக்கும் உரிந்துகொண்டு வரும். பாரம் போனபின் மிச்சமிருக்கும் கட்டையை அறுப்பது கடைசி வெட்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை வளையமாகத் தடித்துச் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்த வளையத்தை அறுக்காமல், அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வரும். தண்டோடு வழித்து அறுத்தால் அதுவும் போய்விடும், அரையடிக் கட்டையை நீட்டிக்கொண்டு விட்டால் அது காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். வெட்டின இடத்தில் தாரோ பெயின்ட்டோ பூசாதீர்கள். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலைத் தடுத்துவிடுகிறது என்று காட்டினார். பூச்சு அதற்கு ஒரு உதவியும் செய்யாது, உள்ளே ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும்.

கருவிக்கு நிறையச் செலவு வேண்டாம். ஒரு நல்ல கவாத்துக் கத்தரி, வளைந்த கைரம்பம் ஒன்று, இரண்டும் கூராக இருந்தால் போதும். ஏணி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரப்புல்லில் சாதாரண வீட்டு ஏணியை வைத்து ரம்பத்தோடு ஏறுவது ஆபத்து, மூன்றுகால் தோட்ட ஏணியை வாடகைக்கு எடுங்கள். இன்னொன்று, உங்கள் மரத்துக்குக் கவுன்சிலின் பாதுகாப்பு ஆணை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்துவிடலாமா என்று நீங்கள் யோசித்ததால் சொல்கிறேன், ஆணை இருந்தால் அனுமதியில்லாமல் மரத்தை வீழ்த்துவது குற்றம்.

இந்த மரத்தைப் பொறுத்தவரை குளிர்கால வேலையைவிடக் கோடை வேலைதான் பலன் தரும் என்பது என் கருத்து. பிப்ரவரியில் வெட்டிய இடங்களில் மே, ஜூனில் மறுபடி துளிர் வரும். ஒரு சாண் நீளத்தில், இன்னும் பச்சையாக இளசாக இருக்கும்போதே விரலால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் மொட்டு தங்கிவிடும், பிய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். தப்பித்து வளர்ந்தவற்றை ஆகஸ்டில் வெட்டலாம். அப்போது இலைகள் உணவு தயாரித்துக்கொண்டிருக்கும் நேரம், வெட்டினால் மரத்தின் வேகம் குறையும், உள்ளே இருக்கும் காய்க்கும் வெயில் படும். கிளைக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

வெட்டுவதைவிட எனக்குப் பிடித்தது வளைப்பது. நெட்டுக்குத்தலாக நிற்கும் போத்து இலையும் தண்டுமாக வளரும், அதையே படுக்கைவசமாகச் சாய்த்தால் வேகம் தணிந்து பூமொட்டு வைக்கும். விட்டுவைத்த போத்துகளில் பென்சில் தடிமனுக்குள் இருப்பவற்றில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, காலியிடம் இருக்கும் பக்கமாக மெல்ல வளைத்து, சணல் கயிற்றால் கீழ்க்கிளையிலோ தரையில் அடித்த முளையிலோ கட்டிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நீரோட்டம் இருக்கும்போது எளிதாக வளையும். தரைக்குச் சமமாகப் படுக்க வைக்கத் தேவையில்லை, பாதிச் சாய்வுக்குக் கொஞ்சம் மேல் போதும். வில்லாக வளைத்துவிட்டால் வளைவின் உச்சியிலிருந்து புதுப்போத்து கிளம்பிவிடும். கட்டு பட்டையை இறுக்காமல் தளர்வாக இருக்கட்டும். குளிர்காலம் வந்தால் கிளை அந்தச் சாய்விலேயே நின்றுவிடும், கயிற்றை அவிழ்த்துவிடலாம். மொட்டையான மேல்பகுதி மறுபடி காய்க்கும் மரமாவது இந்த வழியில்தான் சீக்கிரம் நடக்கும்.

காய்ப்பு திரும்பியதும் வரும் அடுத்த பிரச்சினை, ஒரு வருடம் தாங்க முடியாத காய்ப்பு, மறுவருடம் பூஜ்யம். பிராம்லிக்கு இந்தக் குணம் உண்டு. அடுத்த வருடத்துப் பூமொட்டு இந்தக் கோடையிலேயே உருவாகிறது. காய்க்குள் இருக்கும் விதைகள் சுரக்கும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் அந்தப் பூமொட்டு உருவாவதைத் தடுக்கும். காய் அதிகமானால் விதை அதிகம், அடுத்த வருடப் பூ குறைவு. ஜூன் மாதத்தில் மரமே கொஞ்சம் பிஞ்சை உதிர்க்கும், பயப்பட வேண்டாம். அது முடிந்ததும் கொத்துக்கு ஒரு பிஞ்சு என்று வைத்துவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிராம்லி மாதிரி பெரிய காய்க்கு ஒரு பிஞ்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும், தின்னும் ரகங்களுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல் போதும். நல்ல பிஞ்சைக் கிள்ளிப்போட மனசு வராதுதான். கிள்ளினால்தான் கிளை முறியாது, அடுத்த வருடமும் காய் கிடைக்கும்.

உரம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். தழைச்சத்து கொடுத்தால் போத்துதான் இன்னும் வளரும். புல்தரைக்குப் போடும் உரத்தை மரத்தடியிலிருந்து தள்ளியே போடுங்கள், அதில் தழைச்சத்துதான் அதிகம். அடிமரத்தைச் சுற்றி ஒரு கஜம் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, மக்கிய இலையோ மரச்சில்லோ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. இந்த வயது மரத்துக்கு வழக்கமான இங்கிலாந்துக் கோடையில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. காயின் தோலுக்கடியில் பழுப்புப் புள்ளிகளும் கசப்பும் வந்தால் அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் வறண்ட கோடையில் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைப்பதுதான் காரணம், அந்த வருடம் மட்டும் நனைத்தால் போதும்.

நோய் பற்றிப் பெரிய கவலை வேண்டாம், பட்டையை மட்டும் கவனியுங்கள். ஓரிடத்தில் பட்டை உள்வாங்கி வெடித்து, வட்டவட்டமாகச் செதில் விட்டிருந்தால் அது கேங்கர். கிளையை முழுக்கச் சுற்றிவிட்டால் அதற்கு மேலுள்ள பகுதி செத்துவிடும். சின்னக் கிளையானால் நல்ல கட்டை தெரியும்வரை வெட்டி எடுத்துவிடுங்கள், தடித்த கிளையில் கூர்க்கத்தியால் நோய்ப்பட்ட பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல் இருந்தால் பஞ்சு அசுவினி, பழைய பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். இலையிலும் காயிலும் கறுத்த சொறி வந்தால் உதிர்ந்த இலையை வாரி அப்புறப்படுத்துங்கள், பூஞ்சை அதில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். மரத்திலேயே சுருங்கித் தொங்கும் அழுகல் காய்களையும் பறித்துவிடுங்கள். காய்க்குள் புழு என்றால் மே நடுவில் காட்லிங் அந்துப்பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைத் தொங்கவிடலாம், ஆண்பூச்சியை மட்டும் பிடிக்கும், தொல்லை முழுக்கப் போகாது, குறையும்.

காய் பிடிக்க இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். பிராம்லியில் குரோமோசோம் தொகுதி வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் அதன் மகரந்தம் பெரும்பாலும் மலடு, அது வேறு மரத்துக்கும் உதவாது. வெட்டுவதற்கு முந்தைய வருடம் கூடை கூடையாகக் காய்த்ததென்றால் அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் வேறு ஆப்பிளோ காட்டு ஆப்பிளோ இருக்கிறது என்று அர்த்தம். அதனால் இதற்காக நீங்கள் புதிதாக எதுவும் நட வேண்டியதில்லை.

கடைசியாக ப்ளம் மரம். அதைக் குளிர்காலத்தில் தொடவே கூடாது. ப்ளம், செர்ரி இரண்டுக்கும் வெள்ளியிலை நோய் என்று ஒன்று உண்டு. அந்தப் பூஞ்சையின் வித்துகள் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான் காற்றில் அதிகம் பறக்கும், புது வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். இலை வெள்ளி பூசினதுபோல் மின்னும், பிறகு கிளை கிளையாகக் காயும். ஜூலையில், வெயில் காய்கிற ஒரு நாள் பார்த்து, தேவையானதை மட்டும் வெட்டுங்கள். பிப்ரவரியில் ஆப்பிளுக்கு ஆள் வைத்தால், அவர் ரம்பத்தை எடுக்கும் முன்பே ப்ளம் மரத்தைக் காட்டி, இதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.